இடிப்பதற்கு முன் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்

பழைய கிராமப் பள்ளிக்கூடம் ஒன்றை அளவெடுத்து வரைய நண்பர்களோடு போயிருந்தேன். இடிப்பதா, பழுதுபார்ப்பதா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்த நேரம். கூட வந்த ஒருவர், "நாலு சுவர், ஒரு கூரை, இதில் என்ன பாரம்பரியம்?" என்று கேட்டார்.

உள்ளே போனதும் முதலில் கவனித்தது வெளிச்சத்தைத்தான். உயரமான சன்னல்கள் எல்லாம் ஒரே பக்கச் சுவரில் இருந்தன. கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்தால் வெளிச்சம் இடப்பக்கமாக வருகிறது, அதனால் வலது கையால் எழுதும் பிள்ளைக்குத் தன் கை நிழலே எழுத்தை மறைக்காது. மின்விளக்கு இல்லாத காலத்தில் இதை யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1912 முதல் 1932 வரை கறுப்பினப் பிள்ளைகளுக்காகக் ரோசன்வால்ட் என்ற தொழிலதிபரின் நிதியுதவியோடு கட்டிய சுமார் 5,000 ‘ரோசன்வால்ட் பள்ளி’களிலும் இதே அக்கறை உண்டு. சன்னல் வரிசை எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதுவரை வரைபடத்திலேயே முடிவு செய்துவிடுவார்கள். கறுப்பின மக்களும் தங்கள் பணத்தையும் உழைப்பையும் போட்டு எழுப்பியவை அவை. அவற்றில் பெரும்பாலானவை இன்று இல்லை என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது.

நாங்கள் பார்த்த கட்டடத்தைக் கெடுத்திருந்தது பழைய வேலை இல்லை, பிற்காலத்தில் செய்த பழுதுபார்ப்புதான். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவருக்கு மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்து வைக்கும். அடியிலிருந்து ஓதம் ஏறி, உப்புப் பூத்து, விரலால் தொட்டாலே செங்கல் மாவாக உதிர்ந்தது. அதே சுவரில் சிமெண்ட் படாத மேல்பகுதியோ கெட்டியாக இருந்தது. இதைப் பார்த்துவிட்டுக் "கட்டடம் பலவீனம், இடித்துவிடலாம்" என்றால் எப்படி?

பிரம்மாண்டமான கோட்டையும் மாளிகையும்தான் பாரம்பரியம் என்பவர்களுக்கு, பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய சர்வதேச ஆவணமான 1964 வெனிஸ் சாசனத்தின் முதல் பிரிவைக் காட்டுவேன். காலப்போக்கில் பண்பாட்டு முக்கியத்துவம் பெற்ற எளிய கட்டடங்களும் அதில் அடக்கம். ஒரு வட்டாரமே முதன்முதலாக எழுதப் படித்த அறைக்கு அந்தத் தகுதி இல்லை என்றால் வேறு எதற்கு இருக்கும்!

அப்புறம், பதிவேடுகள். அலமாரியில் பழைய சேர்க்கைப் பதிவேடு கரையான் அரித்துக் கிடந்தது. பெயர், வயது, அப்பாவின் தொழில், எந்த வகுப்பில் நின்றுபோனார்கள் என எல்லாம் அதில் இருந்தது. கட்டடத்தைக் காப்பாற்ற நாளாகலாம். பதிவேட்டை இன்றைக்கே பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிடலாம், அதற்கு ஒரு கைபேசி போதும். பூச்சு வேலை தொடங்கும் முன் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை ஒருமுறை கூட்டிவந்து காட்டுங்கள்.