சிங்கப்பூர்ல உள்ளூர் ஸ்கூபா டைவுக்குக் காத்து டேங்க் சொந்தமா வாங்கலாமா, வாடகைக்கே எடுக்கலாமா, இல்ல மூணு பேரு சேர்ந்து வாங்கலாமா?

ஈசூன்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நானு, என் மச்சான், அவனோட வேலை பாக்குற ஒரு தம்பி, மூணு பேரும் போன ஜூன்ல மலேசியாவுல தியோமான் தீவுல ஓப்பன் வாட்டர்ங்குற ஆரம்ப டைவ் பயிற்சி முடிச்சோம். அப்புறம் ரெண்டு தடவ நம்ம சிங்கப்பூர்ல இருக்குற புலாவ் ஹந்து தீவு போயாச்சு. தண்ணி கலங்கலா இருக்கும், கைய நீட்டுனா விரல் தெரியாதுன்னு எல்லாரும் பயமுறுத்துனாங்க, நெசமாவே ரெண்டு மூணு மீட்டர் தான் தெரிஞ்சுச்சு, ஆனா அந்த மங்கல்லயே ஒரு கடல்குதிரை புல்லப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு பாருங்க, அன்னிலேருந்து மனசு அங்கயே கெடக்கு. இனிமே மாசம் ரெண்டு தடவயாச்சும் போகணும்னு முடிவு பண்ணிட்டோம்.

இப்ப ஒருத்தர் ரெண்டு அலுமினியம் 80 டேங்க் (சுமார் 80 கன அடி காத்து புடிக்கிறது) விக்கிறாரு, ஒண்ணு 180 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். மூணு பேரும் பங்கு போட்டா ஆளுக்கு 120 தான். மச்சான்கிட்ட கார் இருக்கு, என்கிட்ட இல்ல. வீட்டுல பாம் ஷெல்டர்ங்குற கெட்டிச் சுவர் ரூம்ல வெக்கலாம்னு நெனைக்கிறேன், வீட்டுக்காரி இன்னும் சரின்னு சொல்லல. வாங்குறது நல்லதா, வாடகையே போதுமா? ரொம்ப நாளா டைவ் பண்றவங்க சொல்லுங்க.

நீலத்துடுப்பு:
தம்பி, முதல்ல ஒரு கணக்கு. ஹந்து போனா ஒரு நாளைக்கு ரெண்டு டைவ், டைவுக்கு ஒரு டேங்க், அப்ப மூணு பேருக்கு ஆறு டேங்க் வேணும். நீங்க வாங்கப் போறது ரெண்டு. மிச்சம் நாலு அப்பவும் வாடகை தானே?

அடுத்து, நம்மூர்ல பெரும்பாலும் படகு டைவ் தான். படகுக் காசுலயே டேங்கும், தண்ணிக்குள்ள எறங்கக் கட்டுற ஈயக் கட்டியும் பெரும்பாலும் சேர்ந்துதான் இருக்கும், நீங்க போற படகுல என்னென்ன சேத்திருக்குன்னு புக் பண்ணும்போதே கேட்டுக்கங்க. சொந்த டேங்க் கொண்டாந்தா பெருசா கொறைக்க மாட்டாங்க, நான் போன படகுல கொறைச்சதே இல்ல. அப்புறம் தூக்குற பாடு. அலுமினியம் 80 காலியாவே 15 கிலோ கிட்ட வரும், காத்து அடிச்சா இன்னும் ரெண்டரை கிலோவுக்கு மேல கூடும், காத்துக்கு இவ்ளோ எடையான்னு கேப்பீங்க, ஆமா, 2200, 2300 லிட்டர் காத்த அமுக்கி வெச்சா அவ்ளோ எடை தான். காலைல புளோக்குக்குக் கீழ எறக்கி, கார்ல உருளாம கட்டி, ஜெட்டில தூக்கிட்டு நடந்து, சாயந்தரம் காலி டேங்க மறுபடி சுமந்து, அடுத்த வாரம் நெரப்புறதுக்கு ஒரு நடை. மாசத்துக்கு ரெண்டு தடவ இத செஞ்சா மூணாவது மாசம் டைவே வேணாம்னு தோணிடும். நான் பாத்து நெறைய பேரு இப்படி விட்டுட்டாங்க, அதனால தான் அழுத்திச் சொல்றேன்.

அந்தக் காச முதல்ல முகத்துக்குப் பொருந்துற மாஸ்க், ஆழமும் நேரமும் காட்டுற ஒரு டைவ் கம்ப்யூட்டர், அதுக்கப்புறம் டேங்க்லேருந்து வாய்க்குக் காத்து குடுக்குற சொந்த ரெகுலேட்டர், இப்படிப் போடுங்க. நம்ம தண்ணிக்கு நல்ல டார்ச் ஒண்ணு, மேல விடுற மிதவை ஒண்ணு. கப்பல் படகு போற எடம், நீரோட்டம் இழுத்துட்டுப் போனா நீங்க மேல வர்ற எடம் படகோட்டிக்குத் தெரியணும்.

முருகைப்பூ:
அண்ணன் சொல்றது சரி தான், ஆனா நான் சொந்தமா வெச்சிருக்கேன், ஏன்னு சொல்றேன். நான் அஞ்சடி கூட இல்ல. அலுமினியம் 80 மாட்டுனா அடிப்பக்கம் தொடைக்குப் பின்னால இடிச்சுக்கிட்டே இருக்கும், ஏணில ஏறும்போது முதுகு பின்னுக்கு இழுக்கும். டைவ் முடியுற நேரம் இன்னொரு தொந்தரவு, காத்து கொறையக் கொறைய அந்த டேங்க் லேசாயி மேல தூக்கும், காலியாச்சுன்னா ஏறக்கொறைய ரெண்டு கிலோ மெதப்பு. அதுக்காகவே ஈயம் கூட்டிக் கட்டணும்.

நான் வாங்குனது 10 லிட்டர் ஸ்டீல், 232 பார் (பார்னா அழுத்தத்தோட அளவு). கணக்குப் போட்டுப் பாருங்க, 10 பெருக்கல் 232ன்னா 2320 லிட்டர். அலுமினியம் 11.1 லிட்டர், 207 பார், அது சுமார் 2300. அதே காத்து தான், ஆனா என்னோடது குட்டை, காலியானாலும் அந்த அளவுக்கு மேல தூக்காது. எனக்கு ஈயம் ரெண்டு கிலோ கொறைஞ்சுச்சு. முதுகுவலி போச்சுன்னு நெஞ்சாரச் சொல்வேன்.

ஆனா ஸ்டீல்னா துருப்புடிக்கும், நம்ம ஊரு ஈரப்பதத்துக்குச் சொல்லவே வேணாம். ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணில கழுவி, அடில மாட்டுற ரப்பர் பூட்ஸக் கழட்டிக் காயவெச்சு, உள்ள எப்பவும் 30 பார் மிச்சம் வெச்சுத் தான் எடுத்து வெப்பேன். இவ்ளோ பண்ண முடியும்னா வாங்குங்க. உங்க ஒசரத்துக்கும் ஒடம்புக்கும் படகு டேங்க் சரியா இருந்தா எதுக்கு?

ஜூரோங்வாசி:
சேந்து வாங்குறதப் பத்தி யாரும் சொல்லலயே, நான் சொல்றேன். நாங்க மூணு பேரு சேந்து நாலு டேங்க் வாங்குனோம், நல்ல சிநேகிதங்க, ஒருத்தன் கல்யாணத்துக்கு இன்னொருத்தன் மாப்பிள்ளைத் தோழன். ஒரு வருஷம் நல்லாத்தான் போச்சு. அப்புறம் வேலை, புள்ளைங்கன்னு ஆயி ஒரு ஆறு மாசம் யாரும் தொடல. அதுல ஒண்ண யாரோ சுத்தமா காலி பண்ணி, வால்வ மூடாமலே ஸ்டோர் ரூம்ல நிறுத்தி வெச்சிருக்காங்க. விஷுவல், அதாவது உள்பக்கச் சோதனை பாக்கக் குடுத்தப்ப உள்ள தண்ணி, அடில வெள்ளையா மாவு மாதிரி பூத்துக் குழி குழியா அரிச்சிருக்கு. இத நெரப்ப முடியாது, கழிச்சிருங்கன்னுட்டாங்க. யார் கடைசியா எடுத்ததுன்னு ஆளுக்கு ஒண்ணு சொன்னோம். காசு பெருசில்ல. அந்த டேங்க நம்பித் தண்ணிக்குள்ள போயிருந்தா என்னன்னு நெனச்சப்ப தான் வயித்தக் கலக்குச்சு.

சேந்து தான் வாங்குவோம்னா, ஒவ்வொரு டேங்குக்கும் ஒரே ஒரு ஆளு பேரு எழுதுங்க. டெஸ்ட் தேதிக்கு அவரு தான் பொறுப்பு. மத்தவங்க கடன் வாங்குற மாதிரி எடுத்துட்டுத் திருப்பிக் குடுக்கணும். எல்லாருக்கும் பொதுன்னு வெச்சா அத யாரும் பாக்க மாட்டாங்க.

கம்ப்ரஸர்பக்கம்:
நான் முன்னாடி டேங்க் நெரப்புற வேலை பாத்தவன். செகண்ட் ஹேண்ட்ல 180 வெள்ளி குடுக்குறதுக்கு முன்னாடி டேங்கோட தோள்பட்டைல, அதான் கழுத்துக்குக் கீழ வளையுற எடத்துல, குத்தியிருக்குற எழுத்தப் படிங்க. எப்ப செஞ்சது, கடைசி ஹைட்ரோ, அதாவது அழுத்தச் சோதனை எப்போ, எல்லாம் அங்க இருக்கும். ஹைட்ரோ டெஸ்ட் பொதுவா அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவ, டேங்குல தண்ணி நெரப்பி வேலை அழுத்தத்த விட ஒன்றரை மடங்குக்குக் கொறையாம ஏத்தி, எவ்ளோ விரியுது, பழையபடி சுருங்குதான்னு பாப்பாங்க. உள்ள லைட் விட்டுப் பாக்குற விஷுவல் வருஷத்துக்கு ஒரு தடவ. தேதி தாண்டிப் போச்சுன்னா நல்ல கடைல நெரப்பவே மாட்டாங்க, அந்தச் செலவும் உங்க தலைல தான்.

ரொம்ப முக்கியம்: 1988க்கு முன்னாடி செஞ்ச அலுமினியம் டேங்க் பலதும் 6351ங்குற கலவை. அதுல கழுத்து மரை பக்கம் வருஷக்கணக்கா மெதுவா விரிசல் விடுற கொறை உண்டு, நெரப்பும்போது வெடிச்சு ஆளுங்களுக்கு அடிபட்ட சம்பவமும் இருக்கு. அப்புறம் வந்ததெல்லாம் பெரும்பாலும் 6061. அதனால தான் பழைய டேங்க நெரப்ப நெறைய எடத்துல மறுத்துருவாங்க.

ஸ்டீல் வெச்சிருக்குற அக்காவுக்கும் ஒண்ணு, உள்ள ஈரம் இருந்து துருப்புடிச்சா அந்தத் துரு காத்துல இருக்குற ஆக்ஸிஜனையே தின்னுரும், மாசக்கணக்கா நெரப்பியே வெச்ச டேங்க அப்படியே எடுத்துட்டுப் போகாதீங்க. நெரப்புன டேங்க வெயில்ல நிக்கிற கார்லயும் வெக்காதீங்க, ஒரு டிகிரி சூடு ஏறுனா முக்கால் பாருக்குப் பக்கம் அழுத்தம் ஏறும். வீட்டுல வெச்சாலும் நிக்க வெச்சுக் கயிறு போட்டுக் கட்டுங்க, சின்னப் புள்ளைங்க இருந்தா இன்னும் கவனம். காரிடார்ல வெக்கவே வேணாம், அது எல்லாரும் ஓடுற வழி.

ஈசூன்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. விக்கிறவர்கிட்ட தோள்பட்டைப் படம் கேட்டேன், நல்ல மனுஷன், ஒடனே அனுப்பிட்டாரு. முதல் தேதி 1986. அவருக்கே அந்தக் கலவை விஷயம் தெரியல, அவங்க மாமா வெச்சிருந்ததாம். நீங்க சொன்னத அவருக்கு அப்படியே அனுப்பிட்டேன், விக்கிறத நிறுத்திட்டேன்னு சொன்னாரு.

ஆறு டேங்க் கணக்கச் சொன்னதும் மச்சான் வாயே தெறக்கல. வாடகை தான்னு முடிவு. மூணு பேரும் முதல்ல கம்ப்யூட்டர் வாங்குறோம், ஆளுக்கு ஒண்ணு, பங்கு இல்ல. முருகைப்பூ அக்கா, ஒரே ஒரு சந்தேகம், எங்க மூணு பேர்ல அந்தத் தம்பி உங்க மாதிரி தான் கொஞ்சம் குட்டை, படகுக்காரங்ககிட்ட 10 லிட்டர் டேங்க் வேணும்னு முன்கூட்டியே கேட்டா எடுத்து வெப்பாங்களா?

முருகைப்பூ:
கேட்டா சிலர் வெப்பாங்க, ஆனா புக் பண்ணும்போதே சொல்லிருங்க தம்பி, காலைல ஜெட்டில வந்து கேட்டா கெடைக்காது. வால்வு யோக்கா, டின்னா (ரெகுலேட்டர் மாட்டுற ரெண்டு வகை)ன்னும் கேட்டுக்கங்க, ரெகுலேட்டர் மாட்டும்போது தான் தெரியும்னா அன்னிக்கு டைவ் போச்சு. இந்த ஞாயிறு நானும் ஹந்து தான் போறேன், அதே பக்கம் வந்தீங்கன்னா அந்தத் தம்பிய என் டேங்க ஒரு தடவ மாட்டிப் பாக்கச் சொல்லுங்க.