சுங்குடிச் சேலைப் படங்களுக்காக வந்த வக்கீல் நோட்டீஸ்

அனைவருக்கும் வணக்கம். மதுரையிலிருந்து இணையவழியில் சேலை விற்று வருகிறோம். மொத்த வியாபாரி வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களையே எங்கள் தளத்தில் இட்டிருந்தோம். அவை தாம் பணம் கொடுத்து எடுக்கச் செய்தவை என்று கூறி, வேறொரு கடைக்காரர் நஷ்டஈடு கேட்டு நோட்டீஸ் அனுப்பியுள்ளார். படங்களை அன்றே நீக்கிவிட்டோம். வியாபாரியின் செய்திகளும் பில்களும் கைவசம் உள்ளன; 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின்படி அவை போதிய பதிலாகுமா?

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. கையால் முடிச்சிட்டுச் சாயமேற்றும் மதுரை சுங்குடி புவிசார் குறியீடு பெற்றது. நாங்களோ அச்சிட்ட சேலைகளையும் அதே பெயரில் விற்கிறோம் (ஊரெங்கும் அப்படித்தான், அது சாக்காகாது). பொய்க் குறியீட்டுக்கு 1999ஆம் ஆண்டுச் சட்டம் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை என்கிறது. இப்போது பெயரை மாற்றினால் தவற்றை ஒப்புக்கொண்டதாகிவிடுமா? இத்துறையில் பழகிய வழக்கறிஞரை மதுரையில் அறிந்தோர் தெரிவிக்க வேண்டுகிறேன்.