மெனேஜர் ஆன பிறகு விசுவாசத்தோடு வேலை செய்வது எப்படி?

கொட்டாஞ்சேனைத் தம்பி:
புறக்கோட்டையில் ஒரு புடவை மொத்தக் கடையில் ஆறு வருடமாக வேலை, போன மாதம் என்னை மெனேஜராகப் போட்டார்கள். என் கீழே பதினொரு பேர், சிங்களவர், முஸ்லிம்கள், நம்மவர்கள் எல்லாரும் உண்டு. கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொண்டு நானும் மற்றவர்களைப் போலச் சத்தம் போட்டுத் திரிந்தால் என்ன பிரயோசனம் என்று, திங்கட்கிழமை காலையில் ஐந்து நிமிடம் எல்லாரையும் கூட்டி ஜெபத்தோடு தொடங்கலாமா என யோசிக்கிறேன். இன்னொன்றும் நெஞ்சில் கிடக்கிறது. புதிதாகச் சேர்ந்த மூன்று பேருக்கும் பயிற்சிக் காலம்தானே, ஈபிஎப் (ஊழியர் சேமலாப நிதி) வேண்டாம் என்கிறார் முதலாளி. சம்பளப் பட்டியலில் கையெழுத்து வைப்பது நான். எனக்கும் இரண்டு பிள்ளைகள். என்ன செய்யலாம்?

வெள்ளவத்தை அக்கா:
தம்பி, முதலில் அந்தப் பட்டியலைப் பாருங்கள். பயிற்சிக் காலம் என்றாலும் ஈபிஎப் முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். தொழிலாளியிடம் 8 வீதம், முதலாளி 12, ஈடிஎப் என்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியே இன்னொரு 3. சம்பளம் 40,000 என்றால் முதலாளிக்கு ஆளுக்கு 6,000, மூன்று பேருக்கு 18,000 ரூபாய், அவ்வளவுதான். பிந்திக் கட்டினால் 5 வீதத்திலிருந்து 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம். இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு தனியாகப் போய்ப் பேசுங்கள், ஆட்களுக்கு முன்னால் வேண்டாம்.

ஓய்வுபெற்ற கணக்காளர்:
நான் அப்படிக் கையெழுத்து வைத்தவன், அதனால் எழுதுகிறேன். எங்கள் ஸ்டோர்காரர் ஒருவர் ஓய்வுபெற்று நாரஹேன்பிட்டித் தொழில் திணைக்களத்துக்குப் போய்ப் பார்த்தால், முதல் இரண்டு வருடத்துக்குப் பணமே இல்லை. என்னிடம் வந்தார். கோபப்படவில்லை, அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு "சரி ஐயா" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு நெகேமியா 5ஆம் அதிகாரத்தை வாசித்தேன். முன்பிருந்த அதிபதிகள் சனங்களிடம் அப்பமும் திராட்சரசமும் 40 சேக்கல் வெள்ளியும் வாங்கினார்கள், யூதாவுக்கு அதிபதியான நெகேமியாவோ 12 வருடமும் தனக்குரிய உணவுப் படியைக்கூடத் தொடவில்லை, தேவனுக்குப் பயந்ததால். சபையில் எத்தனையோ தடவை கேட்ட பகுதிதான், அன்றைக்குத்தான் உறைத்தது.

கொச்சிக்கடை:
ஜெபத்தைப் பற்றி ஒரு வார்த்தை. செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் அந்தோனியார் கோயிலுக்கு இந்துக்களும் பௌத்தர்களும் தாங்களாகவே வந்து மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். கடையில் மெனேஜர் கூப்பிட்டால் அப்படியா? வேண்டாம் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? கடை திறக்க முன் நீங்கள் தனியாகச் செபியுங்கள், அந்தப் பதினொரு பேரின் பெயரையும் சொல்லி. மத்தியானம் தொழுகைக்குப் போகிறவருக்கு முகம் சுளிக்காமல் நேரம் கொடுங்கள்.

கொட்டாஞ்சேனைத் தம்பி:
எல்லாருக்கும் நன்றி. இன்று பின்னேரம் தாளோடு போனேன். முதலாளி சிறிது நேரம் பேசவே இல்லை, அப்புறம் "இந்த மாதத்திலிருந்து போடு" என்றார். விடுபட்ட ஒரு மாதத்தைப் பற்றிக் கேட்டேன், பதில் இல்லை. வெள்ளிக்கிழமை திரும்பவும் போவேன்.