மரத்தவளை பகல் முழுக்கத் தண்ணீர்க் கிண்ணத்திலேயே கிடக்கிறது, நிறமும் பழுப்பாகிவிட்டது. நோயா? (புதுச்சேரி)

லாஸ்பேட்டை வாசி:
வணக்கம். வீட்டில் ஓர் ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை இருக்கிறது. கடையில் ‘டம்பி’ என்று சொல்லித் தந்தார்கள். நன்றாக வளர்ந்தது. வழக்கமாகப் பகலில் கண்ணாடியின் மேல்மூலையில் ஒட்டிக்கொண்டு தூங்கும். கத்திரி வெயில் தொடங்கியதிலிருந்து கீழே இறங்கித் தண்ணீர்க் கிண்ணத்தில் உட்கார்ந்தால் எழுந்திருப்பதே இல்லை. பச்சை போய்ச் சேற்று நிறமாகிவிட்டது. கிரிக்கெட் பூச்சி விட்டால் பார்க்கிறது, பிடிப்பதில்லை. நேற்று இரவு வாயைத் திறந்து திறந்து மூடியது, கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தது. மூச்சுத் திணறுகிறதோ என்று பயந்துவிட்டோம். தேடிப் பார்த்தால் கைட்ரிட் பூஞ்சை, சிவப்புக் கால் நோய் என்றெல்லாம் வருகிறது. மகள் அழுதுகொண்டிருக்கிறாள். மீனுக்கு வாங்கிய பூஞ்சை மருந்து வீட்டில் இருக்கிறது. கிண்ணத்தில் இரண்டு சொட்டு விடலாமா?

மீன்தொட்டிக்காரர்:
கல்லுப்புப் போட்டு ஒரு குளியல் கொடுத்துப் பாருங்கள். என் மோலி மீனெல்லாம் அதில்தான் பிழைத்தது.

மஞ்சக்குப்பம் தவளை:
சார், உப்பும் வேண்டாம், மீன் மருந்தும் வேண்டாம். தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, அடிவயிற்றுத் தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. கிண்ணத்தில் நீங்கள் எதைக் கலந்தாலும் அது நேராக உடம்புக்குள் போய்விடும். மருத்துவர்கள் அளவு பார்த்து உப்புக் கரைசல் கொடுப்பது வேறு விஷயம். சமையலறையில் கைப்பிடியால் அளந்து போடுவது வேறு.

ராத்திரி பார்த்தது பெரும்பாலும் தோல் உரிப்பு. வாரத்துக்கு ஒருமுறை போலப் பழைய தோலை உரித்து, வாயால் இழுத்து அதுவே தின்றுவிடும். அப்போது கொட்டாவி விடுவதுபோல வாய் பிளக்கும், கை முகத்தைத் துடைக்கும். முதல் தடவை பார்க்கிறவர்கள் எல்லோரும் பயப்படுவார்கள். அதை விடுங்கள்.

இதையெல்லாம் சொல்லுங்கள்: தொட்டி எந்த அறையில்? வெப்பநிலை எவ்வளவு? மூடி வலையா, கண்ணாடியா? என்ன தண்ணீர்? கொசுவுக்கு என்ன செய்கிறீர்கள்? சமீபத்தில் வேறு தவளையோ, வெளியிலிருந்து பிடித்த இரையோ உள்ளே வந்ததா?

லாஸ்பேட்டை வாசி:
வெயில் தாங்காது என்று தொட்டியைப் படுக்கையறைக்கு மாற்றினோம். ஏசி ராத்திரி முழுக்க 22-ல் ஓடும், பகலிலும் பாதி நேரம் ஓடும். வலை மூடி. எங்கள் போர் தண்ணீர் கரிக்கும், அதனால் கேன் தண்ணீர்தான் வைக்கிறோம். அறையில் கொசு மெஷின் உண்டு. வெள்ளிக்கிழமை அம்மா சாம்பிராணி போடுவார். புதுத் தவளை எதுவும் வரவில்லை, பூச்சி கடையில் வாங்குவதுதான்.

மஞ்சக்குப்பம் தவளை:
சரி, விஷயம் கொஞ்சம் பிடிபடுகிறது. நேரில் பார்க்காமல் நோய் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் சொன்ன மூன்று அறிகுறிக்கும் அந்த அறையே போதும்.

ஏசி குளிரூட்டுவதோடு காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுத்துவிடும். நம் கடலோரக் காற்று வலை மூடி வழியாக வந்தால் இந்தத் தவளைக்குச் சௌகரியம்தான். ஏசி காற்று வந்தால் தோல் காய்கிறது. காய்ந்தால் அதற்குத் தெரிந்த ஒரே வழி கிண்ணத்தில் போய் உட்காருவது. குளிர்ந்தால் நிறம் கறுக்கும், அது இந்த இனத்தின் இயல்பு. உடம்பு குளிர்ந்தால் செரிமானமும் மந்தமாகும், பசி போய்விடும். பகலில் 24 முதல் 29 டிகிரி வரை இருந்தால் நல்லது. இரவில் கொஞ்சம் இறங்கினால் பாதகமில்லை, நாள் முழுக்க அப்படியே இருப்பதுதான் தொல்லை. அதற்காக மொட்டை மாடி அறையில் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். 32-ஐத் தாண்டினால் அந்தப் பக்கம் ஆபத்து.

நிறத்தை வைத்து யாரும் முடிவுக்கு வராதீர்கள் என்று நான் எப்போதும் சொல்வேன். ஆரோக்கியமான தவளை இலை நிழலிலோ இரவிலோகூடப் பழுப்பாகும். பார்க்க வேண்டியது அது உட்காரும் விதம். நன்றாக இருக்கும் தவளை பகலில் நான்கு காலையும் உடம்புக்கு அடியில் மடக்கி, கட்டை விரல்கூட வெளியே தெரியாமல் தூங்கும். கால்கள் விலகி, வயிறு தரையில் பட, கண் விழித்துக் கிடந்தால்தான் கவலை.

இப்போது செய்யக்கூடிய ஒரு சோதனை: ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் டப்பாவில் விட்டு, தூக்கிப் பிடித்துக் கீழிருந்து பாருங்கள். அடிவயிறு பால் வெள்ளையாக இருக்க வேண்டும். தொடையின் உட்புறமும் வயிறும் இரத்தம் கட்டியதுபோல் சிவந்திருந்தால் அது நீங்கள் சொன்ன சிவப்புக் கால் நோயாக, அதாவது பாக்டீரியா தொற்றாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். தோல் கந்தல் கந்தலாகத் தொங்குவது, மல்லாந்தால் திரும்ப முடியாமல் தவிப்பது, பலூன்போல் ஊதுவது, விரல் நடுங்குவது, தாடை வளைவது, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். கடைசி இரண்டும் கால்சியமும் வைட்டமின் டி3-யும் போதாமல் வருபவை. பூச்சியைக் கால்சியம் பொடியில் புரட்டித்தான் விடுகிறீர்களா?

தொடும்போது சோப்பு, சானிடைசர், கொசு கிரீம் எதுவும் கையில் இருக்கக் கூடாது. வெறும் தண்ணீரில் நன்றாக அலசி, ஈரக் கையால் தொடுங்கள். தொட்டபின் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அது உங்களுக்காக.

கொசு மெஷினை அந்த அறையில் இன்றே நிறுத்துங்கள். அதில் இருப்பது பைரெத்ராய்டு வகைப் பூச்சிமருந்து. தவளை தோலாலும் சுவாசிக்கிறது, அது வழியாகவே உள்ளே போகும். தெருவில் கொசு மருந்துப் புகை அடிக்க வந்தால் ஜன்னலைச் சாத்தி, தொட்டிமேல் ஈரத்துணி போடுங்கள். சாம்பிராணியை அம்மா கூடத்தோடு நிறுத்திக்கொள்ளட்டும், சாமி கோபிக்காது.

கேன் தண்ணீரில் தாது உப்பு மிகக் குறைவு. அதையே எப்போதும் வைத்தால் உடம்பின் உப்புச் சமநிலை கெடும். கரிக்கும் போர் தண்ணீர் அதைவிட மோசம். கரிக்காத பொதுக் குழாய்த் தண்ணீர் கிடைத்தால், மீன் கடையில் விற்கும் ஆன்டி-குளோரின் சொட்டு விட்டு வையுங்கள், தினமும் மாற்றுங்கள். தொட்டியைக் கழுவ பினாயில், டெட்டால் பக்கமே போகாதீர்கள். வெந்நீர் போதும்.

பாகூர் ஏரிக்கரை:
கைட்ரிட் பற்றிக் கேட்டாரே, அதற்கு ஒரு வார்த்தை. அந்தப் பூஞ்சை தோலைத் தடிக்கவைக்கும். தோல் வழியாக நடக்கும் சோடியம், பொட்டாசியம் போக்குவரத்து நின்று, கடைசியில் இதயம் நிற்கும். 17 முதல் 25 டிகிரிதான் அதற்குப் பிடித்த சூழல், 28-க்கு மேல் வளர்ச்சி படுத்துவிடும். கத்திரி வெயிலில் புதுச்சேரி அதற்கு ஒத்துவராது, உங்கள் ஏசி அறை ஒத்துவரும்! புதுத் தவளை வரவில்லை என்பதால் வாய்ப்புக் குறைவு என்றுதான் நினைக்கிறேன். உறுதிப்படுத்தத் தோலைப் பஞ்சால் துடைத்துப் பரிசோதிக்க வேண்டும், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

தேவனாம்பட்டினம் அக்கா:
இடையில் நுழைகிறேன், மன்னிக்கவும். எங்கள் குளியலறைச் சுவரில் ஒரு தவளை ஒட்டியிருக்கிறது. சுண்ணாம்புபோல வெளிறி, நாள் முழுக்க அசைவதில்லை. மாமியார் தேரை ஆகாது என்று விரட்டச் சொல்கிறார். அதற்கும் உடம்பு சரியில்லையா?

மஞ்சக்குப்பம் தவளை:
அக்கா, அது நம்ம ஊர் மரத்தவளை, நோய் ஒன்றுமில்லை. வறண்ட காலத்தில் ஈரம் போகாமல் இருக்க அப்படித்தான் ஒடுங்கிக்கொள்ளும், வெளிறவும் செய்யும். இரவில் விளக்கடியில் பூச்சி பிடிக்கப் போவதைப் பார்ப்பீர்கள். விரட்டவும் வேண்டாம், பிடித்துத் தொட்டியில் வளர்க்கவும் வேண்டாம். அந்தச் சுவரில் ஆசிட் ஊற்றிக் கழுவாமல் இருந்தால் போதும். மாமியாரைச் சமாளிப்பது உங்கள் பாடு.

லாஸ்பேட்டை வாசி:
தொட்டியைக் கூடத்துக்கு மாற்றியாயிற்று, மெஷினும் இல்லை. வெப்பமானி 29 காட்டுகிறது. கீழிருந்து பார்த்தோம், வயிறு வெள்ளைதான், சிவப்பு இல்லை. இன்று பகலில் கிண்ணத்தை விட்டு மேலே ஏறித் தூங்குகிறது. நிறம் பாதி பச்சை, பாதி பழுப்பு. ஆனால் இன்னும் சாப்பிடவில்லை. கால்சியம் பொடி எப்போதாவதுதான் போடுவோம்.

மஞ்சக்குப்பம் தவளை:
மேலே ஏறியது நல்ல சேதி. வளர்ந்த தவளை ஒரு வாரம் சாப்பிடாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. காதுச் சவ்வுக்கு மேலே ஒரு தோல் மடிப்பு இருக்கும், அது தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் உடம்பில் கொழுப்புச் சேமிப்பு இருக்கிறது. வற்றிப்போய் எலும்பு துருத்தினால் காத்திருக்க வேண்டாம். இரையை இருட்டிய பிறகு விடுங்கள். தின்னாத பூச்சியை ராத்திரி முழுக்க உள்ளே விடாதீர்கள், தூங்கும் தவளையைக் கடிக்கும்.

ஆனாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள். குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம்தானே. தவளை பார்ப்பார்களா என்று முதலில் போன் செய்து கேளுங்கள். இல்லையென்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிதான். புது எச்சம் கிடைத்தால் சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள், ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்க்க உதவும்.

லாஸ்பேட்டை வாசி:
மடிப்பு நன்றாகத் தெரிகிறது அண்ணா. போன் செய்தேன், நாளைக் காலை வரச் சொல்லியிருக்கிறார்கள். எப்படிக் கொண்டுபோவது?

மஞ்சக்குப்பம் தவளை:
மூடியில் துளை போட்ட டப்பா, அடியில் வாசனையில்லாத டிஷ்யூவை நனைத்துப் பிழிந்து விரியுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. வண்டி டிக்கியில் வைக்காதீர்கள், வெந்துவிடும். எட்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள், டப்பாவை மகள் மடியில் வைத்துக்கொள்ளட்டும்.