கான்கிரீட்டில் புதைத்த மரக்கம்பம் முறிந்துவிட்டது: குழியை உடைக்காமல் மாற்ற முடியுமா?

கேள்வி

பலகை வேலியின் நடுக்கம்பம் ஒன்று பலத்த காற்றில் தரைமட்டத்தோடு முறிந்துவிட்டது. 10 செ.மீ. சதுரக் கம்பம், கான்கிரீட்டுக்குள் ஏறத்தாழ 60 செ.மீ. இறங்கியிருக்கிறது. முறிந்த இடத்தில் மரம் கிள்ளினால் உதிர்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் அடிக்கட்டை கெட்டியாக, சற்றும் அசையாமல் நிற்கிறது. இருபுறமும் பலகைகள் நன்றாக இருப்பதால் அதே இடத்தில்தான் புதுக் கம்பம் நிற்க வேண்டும். கான்கிரீட்டைப் பெயர்த்தே ஆக வேண்டுமா, அடிக்கட்டையை மட்டும் உருவிவிட்டுப் புதியதைச் செருகினால் போதுமா?

முதல் பதில்

பெயர்த்துவிடுங்கள் என்பதே என் கருத்து. 30 செ.மீ. அகலமும் 60 செ.மீ. ஆழமும் உள்ள கான்கிரீட் ஏறத்தாழ 90 கிலோ எடை இருக்கும் என்பதால், அதை நேரே தூக்க முயன்று முதுகைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். முதலில் அந்த இடத்தில் மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ புதைந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு, இருபுறப் பலகைகளுக்கும் முட்டுக்கொடுங்கள். பிறகு ஒரு பக்கம் மட்டும் கான்கிரீட்டின் அடிவரை மண்ணைத் தோண்டி, மறுபக்கத்திலிருந்து கடப்பாரையால் நெம்பினால் அது அந்தப் பள்ளத்தில் சாயும். அங்கேயே சம்மட்டியால் உடைத்துத் துண்டுகளாக வெளியேற்றலாம். உடைக்கும்போது கண்ணாடியும் கையுறையும் கட்டாயம் அணியுங்கள்.

இரண்டாவது பதில்

கான்கிரீட் விரிசலின்றி, ஆடாமல் இருந்தால் உருவும் வழியும் உண்டு. அடிக்கட்டையின் தலையில் நீளமான, தடித்த ஸ்க்ரூக்கள் இரண்டை ஆழமாக முடுக்கி, அவற்றில் சங்கிலியைக் கோத்து, குறுக்கே வைத்த கட்டையின் மேல் கடப்பாரையை ஊன்றி மேல்நோக்கி நெம்புங்கள். வெயிலில் சில நாள் காயவிட்டால் மரம் சுருங்கிப் பிடி தளரும்.

ஆனால் முறிந்ததன் காரணத்தைப் பார்க்காமல் அதே குழியில் செருகினால் புதியதும் அங்கேயே முறியும். மரத்தை அரிக்கும் பூஞ்சைக்கு ஈரமும் காற்றும் சேர்ந்தே வேண்டும். ஆழத்தில் காற்று குறைவு, மேலே ஈரம் தங்குவதில்லை; இரண்டும் கூடும் இடம் தரைமட்டம். உங்கள் அடிக்கட்டை கெட்டியாக இருந்தும் கழுத்துப் பகுதி உளுத்துப்போனது இதனால்தான். மரம் சுருங்கும்போது அதற்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே விழும் இடைவெளியில் மழைநீர் இறங்கி, அடியில் வடிய வழியில்லாவிட்டால் கிண்ணத்தில் நின்றதுபோல் நின்றுவிடும். ஆகவே குழியின் அடி மூடியிருந்தால் முதல் பதிலின்படி பெயர்த்துவிடுவதே நல்லது.

கேட்டவர்

மிக்க நன்றி. அடியில் கடப்பாரையால் தட்டிப் பார்த்தேன், கான்கிரீட்டாகவே இருக்கிறது. ஆகவே பெயர்க்க முடிவு செய்துவிட்டேன். புதியதை நிறுத்தும்போது எதில் கவனம் வேண்டும்?

இரண்டாவது பதிலளித்தவர்

குழியின் அடியில் 10 முதல் 15 செ.மீ. ஜல்லி போட்டுத் திமிசால் இடித்து, கம்பத்தின் அடிமுனை நேரே ஜல்லியில் அமரும்படி நிறுத்துங்கள். கான்கிரீட் சுற்றிலும்தான் இருக்க வேண்டும், அடியில் அன்று. மருந்தேற்றிய மரமாக இருந்தாலும் புதிதாக அறுத்த முனைக்கு மரக்காப்பு மருந்தை நன்றாக ஊறும்படி பூசுங்கள். அறுத்த முனையை மேல்பக்கம் வைத்தால் இன்னும் நல்லது. ரசமட்டத்தை அடுத்தடுத்த இரு முகங்களிலும் வைத்துப் பார்த்து, இரு திசையிலும் முட்டுக்கொடுத்த பிறகே கலவையைக் கொட்டுங்கள். கான்கிரீட்டின் மேல்முகம் தரையைவிடச் சற்று உயர்ந்து, கம்பத்திலிருந்து வெளிப்புறமாகச் சரிந்திருக்கட்டும். கரணையால் ஒருமுறை சரித்து இழுத்துவிட்டால் போதும். பலகைகளை மாட்ட இரண்டு நாளாவது பொறுத்திருங்கள். அதுவரை முட்டுகளை எடுக்க வேண்டாம்.