எலக்ட்ரிக் கார் நின்ற கதைகள்: எதைக் கோளாறு என்று எண்ணுவது?

பாளைக்காரன்:

சென்னையில் ஒன்பது நாள் இருந்துவிட்டு நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, ஜங்ஷன் பார்க்கிங்கில் விட்டிருந்த காரிடம் போனால் கதவே திறக்கவில்லை. முந்தின நாள் ராத்திரி மொபைலில் பார்த்தபோது 82 சதவீதம் சார்ஜ் காட்டியது. ரிமோட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கும் குட்டி இரும்புச் சாவியை எடுத்துக் கதவைத் திறந்தேன். உள்ளே விளக்குகூட எரியவில்லை. பக்கத்தில் நின்ற வாடகை வண்டி டிரைவர் எட்டிப் பார்த்து, "பேட்டரி டவுனு அண்ணாச்சி" என்றவர், ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "இது கரண்டு வண்டில்லா, மொத்தமே பேட்டரிதான?" என்றார்.

போனது சின்ன பேட்டரி. எல்லாக் காரிலும் இருக்கிற அதே 12 வோல்ட். பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கிற ரிலே என்ற சுவிட்ச் மூடுவதற்கு இந்தச் சின்னதன் கரண்ட் வேண்டும். குதிர் நிறைய நெல் இருந்தும் அரங்குவீட்டுச் சாவியைத் தொலைத்த கதைதான். டிரைவர் தன் பெட்ரோல் வண்டியில் கேபிள் மாட்டி இரண்டே நிமிஷத்தில் உயிர் கொடுத்தார். மொபைலில் காரின் ஆப்பைத் திறக்கும்போதெல்லாம் கார் விழித்துக்கொண்டு அந்தச் சின்ன பேட்டரியைக் குடிக்கும் என்று பிறகு மெக்கானிக் சொன்னார். தினமும் படுக்கப் போகும்முன் அதைத் திறந்து ரசித்தவன் நான்.

வீட்டில் சொன்னேன். எங்கள் அத்தானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நான் அப்பவே சொன்னேம்லா, பெட்ரோல் வண்டி எடுன்னு." அவர் பெட்ரோல் கார் அதே வருஷம் ஆரல்வாய்மொழி பக்கத்தில் ஃப்யூவல் பம்ப் போய் டோ வண்டியில் ஏறி வந்தது. அது கணக்கில் வராதாம். "அது அஞ்சு வருச வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்கிறார். என்னுடையது இரண்டு வருஷம், 31,000 கி.மீ. அப்படியென்றால் இரண்டையும் எப்படித்தான் ஒப்பிடுவது?

பெரிய பெரிய கணக்குகளும் இதே குழப்பத்தில்தான் இருக்கின்றன. அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 2023 கடைசியில், எலக்ட்ரிக் கார்களில் பெட்ரோல் கார்களைவிட 79 சதவீதம் அதிகக் கோளாறு என்றது. மறு வருஷம் அதுவே 42 சதவீதமாக இறங்கியது. ஜெர்மனியின் ஏ.டி.ஏ.சி. என்ற வாகன ஓட்டிகள் சங்கமோ 2024ஆம் வருஷக் கணக்கில் நேர்மாறாகச் சொல்கிறது: 2 முதல் 4 வயதுள்ள எலக்ட்ரிக் கார்களில் ஆயிரத்துக்கு 4.2 தான் வழியில் நின்றன, பெட்ரோல் டீசல் கார்களில் 10.4. இரண்டும் பொய்யில்லை, எண்ணுகிற சரக்குதான் வேறு. அமெரிக்கக்காரர்கள் உரிமையாளரிடம் "பன்னிரண்டு மாதத்தில் என்ன தொந்தரவு" என்று கேட்கிறார்கள், ஆகவே ஸ்கிரீன் ஹேங் ஆனது முதல் மோட்டார் மாற்றியது வரை எல்லாம் வரும் (பெரிய கோளாறுக்கு அதிக எடை போடுகிறார்கள், அது சரி). ஜெர்மன்காரர்கள் எண்ணுவது, உதவிக்கு ஆள் போன வண்டியை மட்டும். கார் கம்பெனியே தன் சொந்த ஆளை அனுப்பிவிட்டால் அது அவர்கள் ஏட்டில் ஏறாது. அந்த ஏட்டிலும் பாதிக்குப் பாதி 12 வோல்ட் பேட்டரி கதைதான், பெட்ரோல் ஆனாலும் கரண்ட் ஆனாலும்.

ஆகவே உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். வண்டி வயது, ஓடிய கி.மீ., என்ன ஆனது, அதே வண்டியில் வீட்டுக்கு வந்தீர்களா, ஷெட்டில் எத்தனை நாள். கம்பெனி பெயர் வேண்டாம், அப்புறம் சண்டைதான் நடக்கும்.

வாகைக்குளம் டிரைவர்:

ஏர்போர்ட் சவாரி ஓட்டுகிறேன். இரண்டரை வருஷத்தில் 1,10,000 கி.மீ. இதுவரை சர்வீஸ் தவிர ஒன்பது தடவை ஷெட்டுக்குப் போயிருக்கிறேன். சித்தப்பா மகன் அதே மாடலை அதே மாதம் எடுத்தான், 18,000 ஓட்டியிருக்கிறான், மூன்று தடவை போனான். வருஷக் கணக்கில் அவன் வண்டி மூணு மடங்கு நல்ல வண்டி. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு என்று வகுத்துப் பார்த்தால் எனக்கு 0.8, அவனுக்கு 1.7. இப்போது எது நல்ல வண்டி? புஷ், டயர் எல்லாம் ஓட ஓடத் தேயும். சின்ன பேட்டரி, ரப்பர் பீடிங் இதெல்லாம் வீட்டில் நின்றாலும் வெயிலில் கெடும். அதனால் கி.மீ., வயது இரண்டையுமே எழுத வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்று. என் ஒன்பதில் எட்டு சில்லறை, காலையில் விட்டால் சாயங்காலம் எடுத்துவிடலாம். ஒன்றே ஒன்று, சார்ஜிங் கன் மாட்டுகிற இடத்தில் பூட்டு இறுகிப்போனது, அதற்குப் பொருள் வர 19 நாள். பட்டியலில் அது "1" தான். தவணை கட்டுகிறவனுக்கு அது 19. பெட்ரோல் வண்டி என்றால் நாலு கடையில் பொருள் கேட்டிருப்பேன், வண்ணார்பேட்டையில் யாராவது ஒரு மெக்கானிக் கழற்றியிருப்பார். இதற்கு ஒரே வாசல்தான். வண்டி எத்தனை தடவை கெட்டது என்பதைவிட எத்தனை நாள் படுத்தது என்பதைக் கேளுங்கள்.

நாங்குநேரி:

எங்கள் கதை அசிங்கமானது, இருந்தாலும் சொல்கிறேன். சித்திரை மாதம் வீட்டில் சார்ஜ் போட்டால் பத்து நிமிஷத்தில் நிற்கும், சிவப்பு விளக்கு எரியும். மூன்று தடவை ஷெட்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே போட்டால் ஒழுங்காக ஏறுகிறது. அவர்கள் சாஃப்ட்வேர் புதுப்பித்து அனுப்பினார்கள், வீட்டுக்கு வந்தால் மறுபடி அதே. நானும் போகிற வருகிற எல்லாரிடமும் வண்டி தரித்திரம் என்று சொல்லி, கேட்ட இரண்டு பேர் வாங்குகிற எண்ணத்தையே விட்டார்கள்.

கடைசியில் ஊர் எலக்ட்ரீசியன் வந்து மீட்டர் வைத்துப் பார்த்தார். "வண்டில ஒரு மண்ணும் இல்ல மாமா, உங்க எர்த்துதான் காஞ்சு போச்சு." பின்பக்கத்தில் எர்த் குழியைத் தோண்டி, உப்பும் கரியும் போட்டு, நாலு குடம் தண்ணீர் ஊற்றினார். அன்று ராத்திரியே முழுசாக ஏறியது. எங்கள் பக்கத்துக் காய்ந்த மண்ணில் கோடையில் வாரம் ஒரு குடம் ஊற்றச் சொல்லியிருக்கிறார், மைனி செடிக்கு ஊற்றும்போது அதற்கும் ஊற்றுகிறாள். எர்த் சரியில்லாவிட்டால் சார்ஜ் ஏற்றாமல் நிறுத்துவது அந்த வண்டியின் வேலை. வேலையை ஒழுங்காகச் செய்ததற்கு மூன்று கோளாறு எழுதி வைத்திருக்கிறோம். ரோட்டோர சார்ஜர் ஆஃப்லைன் ஆகி மாட்டிக்கொண்டவர்களும் காரைத்தான் திட்டுகிறார்கள். கோளாறு காரிலா, சார்ஜரிலா, வீட்டு வயரிங்கிலா என்று தனித்தனியாக எழுதினால் நல்லது.

குறுக்குத்துறை:

2023 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். என் கார் இரண்டு நாள் தண்ணீரில் நின்றது. பேட்டரிப் பெட்டிக்கு ஐ.பி.67 என்று போட்டிருப்பார்கள், அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம். தாமிரபரணிக்கு அரை மணி நேரக் கணக்கெல்லாம் தெரியாது. இன்ஷூரன்ஸில் முடிந்தது. பக்கத்து வீட்டு டீசல் காரும் அப்படியே முடிந்தது. இதை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

தென்காசி ரோடு:

நிற்கிற கணக்கையே எல்லாரும் பேசுகிறீர்கள். ஒரு சார்ஜில் 300 கி.மீ. போன வண்டி நாலு வருஷத்தில் 255 போனால் அதற்கு டோவும் கிடையாது, ஷெட்டும் கிடையாது, எந்த ஏட்டிலும் வராது. பேட்டரிக்குப் பல கம்பெனிகள் 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தருவதால் நாமும் நிம்மதியாகத் தூங்குகிறோம். நான் வருஷா வருஷம் தை மாதம் கன்னியாகுமரி போய்வருகிறேன், அதே வேகம், அதே ஏ.சி. நம்பர், எத்தனை யூனிட் குடித்தது, எத்தனை சதவீதம் இறங்கியது என்று எழுதுகிறேன். முதல் வருஷம் ஆடியில் போய்விட்டு மறு வருஷம் தையில் போனேன், வண்டி நல்லாகிவிட்டது மாதிரி காட்டியது. ஆரல்வாய்மொழிக் காற்று எதிரில் அடித்ததை மறந்துவிட்டேன். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி வைத்திருப்பவர்கள் அவ்வப்போது 100 வரை ஏற்றுங்கள், இல்லாவிட்டால் வண்டி காட்டுகிற சதவீதமே சரியாக இருக்காது, அதை வைத்துப் பேட்டரி போச்சு என்று எழுதாதீர்கள்.

பாளைக்காரன்:

நாங்குநேரி மாமா, உங்கள் மூன்றையும் வயரிங் பக்கம் மாற்றி எழுதிவிட்டேன். ஆப்பைத் திறந்து திறந்து பார்த்ததை என் பெயரிலேயே எழுதிக்கொண்டேன், வண்டியின் பெயரில் இல்லை. டிரைவர் அண்ணாச்சி சொன்ன "படுத்த நாள்" இப்போது தனிக் கட்டம்.

அத்தானிடமும் நோட்டைக் கொடுத்து ஃப்யூவல் பம்பை எழுதச் சொன்னேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு எழுதினார். அதே வண்டியில் வீட்டுக்கு வந்தீர்களா என்ற இடத்தில் "வந்தோம்" என்று போட்டிருக்கிறார். டோ வண்டியின் முதுகில் கார், அந்தக் காருக்குள் அவர். கேட்டால், "நீ கேட்டதுக்குத்தான பதில் சொல்லிருக்கேன்" என்கிறார்.