மேட்டூர் அணைதான் பூம்புகாரைத் தின்றதாம்!

மேட்டூர்120:
நேற்று நம் சேலம் குழுவில் ஒருவர் பூம்புகார் படங்களைப் போட்டு, "இந்தக் கடலரிப்புக்கு ஒரே காரணம், காவிரி மணலைக் கடலுக்குப் போகவிடாமல் தடுக்கும் நம் மாவட்டத்து மேட்டூர் அணை" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து காபி இறங்கவில்லை. மேட்டூர் திறந்தது 1934இல். அதற்கு முன்பே கிருஷ்ணராஜசாகர் வந்துவிட்டது. அப்புறம் கபினி, ஹேமாவதி. பழி மட்டும் சேலத்துக்கு! புதுச்சேரியில் கடற்கரை போனதற்கு எந்த அணை காரணம்? துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள், தெற்கே மணல் குவிந்தது, வடக்கே ஊர்க்கரை கரைந்தது.

தரங்கை மருமகன்:
அந்த ஒருவர் நான்தான் அண்ணா, பெயர் சொல்லியே திட்டலாம். புதுச்சேரியை யார் கேட்டார்கள்? மேட்டூரில் மணல் நிற்கிறதா, இல்லையா?

மேட்டூர்120:
நிற்பது வண்டல். 2017இல் விவசாயிகள் வண்டி வண்டியாக அள்ளிப்போனதும் வண்டல். அதை வைத்து யாராவது வீடு கட்டினார்களா?

தரங்கை மருமகன்:
ஆற்று வெள்ளம் அணைத் தண்ணீரில் நுழைந்ததும் வேகம் போய்விடும். கனமான மணல் முதலில், ஒகேனக்கல் பக்கமே உட்கார்ந்துவிடும். மெல்லிய வண்டல்தான் உள்ளே வரும். நீங்கள் பார்த்தது வண்டல் என்பதால் மணலே வரவில்லை என்று ஆகிவிடுமா? கரையில் மணல் ஓரிடத்தில் இருப்பதில்லை. சோழகக் காற்றில் வடக்கே போகும், வாடையில் தெற்கே வரும், கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். போனதை நிரப்ப ஆறு கொடுக்க வேண்டும். தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயில் 1306இல் கட்டியது, முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சத்தைக் காக்கக் கல் கொட்டியிருக்கிறார்கள்.

மேட்டூர்120:
மாமனார் வீட்டில் நாலு நாள் மீன் குழம்பு சாப்பிட்டதும் கடல் வாத்தியார் ஆகிவிட்டார்! 16 கண் மதகில் வெள்ளம் போகும்போது வந்து பாருங்கள், தண்ணீர் எவ்வளவு கலங்கலாகப் போகிறதென்று.

தரங்கை மருமகன்:
கலங்கல் வேறு, மணல் வேறு. முதலில் வண்டல் நிற்கிறது என்றீர்கள், இப்போது போகிறது என்கிறீர்கள். மணல் நிற்கிறதா, இல்லையா?

மலைக்காடு:
சேர்வராயன் மலையையும் கணக்கில் எடுங்கள். அங்கிருந்து இறங்கும் திருமணிமுத்தாறும் சரபங்காவும் மேட்டூருக்குக் கீழேதான் காவிரியில் சேர்கின்றன. அந்த மணலை அணை தடுக்கவில்லையே?

தட்டுவடை செட்:
திருமணிமுத்தாற்றில் மணலா! சாயத் தண்ணீரும் பிளாஸ்டிக் பையும்தான் பூம்புகார் போகும்.

மலைக்காடு:
மலையிலிருந்து சுத்தமாகத்தான் புறப்படுகிறது. கெடுப்பது ஊருக்குள் இருக்கும் நீங்கள்.

தட்டுவடை செட்:
ஓஹோ. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் கிளம்பின பிறகு ஏற்காட்டு விடுதிக் கழிவெல்லாம் எங்கே போகிறதாம்? போன வருடம் ஏரி பற்றிக் கேட்டபோதும் பதில் சொல்லாமல் ஓடினீர்கள். மறக்கவில்லை.

மேட்டூர்120:
ஏரியை விடுங்கள். தரங்கை தம்பிக்குச் சொல்கிறேன். இன்று நாம் சுண்டல் தின்கிற மெரினா மணல்வெளி எப்படி வந்தது? சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் 19ஆம் நூற்றாண்டில் எழும்பின பிறகு தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து அகலமானது. அதே சுவருக்கு வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடல் தின்றது, கல் கொட்டினார்கள். எல்லாம் சுவர் செய்த வேலை. காவிரிப்பூம்பட்டினத்தைக் கடல் கொண்டது, இந்திர விழா எடுக்காததால் வந்த வினை என்று மணிமேகலை சொல்கிறது. அன்றைக்கு மேட்டூர் அணை இருந்ததா? கீழே லாரி லாரியாக ஆற்று மணலை அள்ளினார்களே, அது யார் கணக்கு? 93 டிஎம்சி பிடிக்கிற அணை. டெல்டா சோறு தின்பதே இதனால்தான். நன்றி வேண்டாம், பழியாவது போடாமல் இருக்கலாம்.

தரங்கை மருமகன்:
சரி, இந்திர விழா எடுத்தால் மணல் வந்துவிடுமா? லாரி அள்ளியது ஏற்கெனவே ஆற்றில் கிடந்த மணல். புதிது ஏன் வரவில்லை? மூன்றாவது முறையாகக் கேட்கிறேன், மேட்டூரில் மணல் நிற்கிறதா, இல்லையா?

மேட்டூர்120:
வண்டல்.

தட்டுவடை செட்:
மலைக்காடு இன்னும் விடுதிக் கழிவுக்குப் பதில் சொல்லவில்லை.